கடைத் தட்டும் பேசும்!

சம்பளம் கைக்கு வந்த பிறகு வரும் முதல் வெள்ளிக்கிழமையில் ஜித்ரா பட்டணத்துப் பேரங்காடிகளைப் பார்த்தால் ஒரு திருவிழாவைப் பார்த்ததுபோல் இருக்கும். செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பம், சங்லூன் பக்கமிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் என்று எல்லோருமே தள்ளுவண்டியோடு நகர்ந்து கொண்டிருப்பார்கள். அரிசி, எண்ணெய், சீனி, பருப்பு வாங்கத்தான் வந்திருப்பார்கள். திரும்பும்போது வண்டியில் அரிசி மூட்டைக்கு மேலே பிஸ்கட் டின், நெகிழி வாளி, பாலாடைத் தின்பண்டம், இரண்டு வாங்கினால் மலிவு என்ற சவர்க்காரம் எல்லாம் ஏறியிருக்கும்.

“யாரும் வற்புறுத்தவில்லையே, நாமாகத்தானே எடுத்துப் போட்டோம்” என்று நினைப்போம். உண்மைதான், எந்த விற்பனையாளரும் நம்மிடம் வாய் திறக்கவில்லை. ஆனால், கடைத் தட்டு பேசியது. சாமானை எங்கே வைப்பது, எந்த உயரத்தில் வைப்பது, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பதெல்லாம் இன்று ஒரு தனி வித்தையாகவே வளர்ந்துவிட்டது. அந்த வித்தையை வாங்குகிற நாமும் தெரிந்துகொள்ள வேண்டும். சிறிதாகக் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பழைய கடையும் புதிய கடையும்

சரக்கைக் காட்டி ஆளை அழைப்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. மதுரையில் பகலில் நடந்த நாளங்காடியையும் இரவில் நடந்த அல்லங்காடியையும் சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைப் பட்டினப்பாலை வரிசையாகச் சொல்கிறது. அவற்றில் கள்ளுக்கடைக் கொடியும் ஒன்று. எழுத்துத் தெரியாதவனுக்கும் கொடி தெரியும் அல்லவா? இங்கே கெடாவில் அலோர் ஸ்டார் பெக்கான் ராபுவுக்குப் போனாலும் அதே கலையைக் காணலாம். பெயரில் புதன்கிழமைச் சந்தை. இப்போது தினமும் நடக்கிறது. டோடோல் பண்டத்தை அடுக்கி வைத்திருக்கும் அழகே பாதி விற்பனையைச் செய்துவிடுகிறது.

ஆனால், நம் தாத்தா பாட்டிகள் கண்ட தோட்டத்துக் கடை வேறு மாதிரி. சாமான்களெல்லாம் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நடுவே ஒரு மேசை. நாம் கேட்க வேண்டும், அவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். விலை எழுதியிருக்காது. பற்றுப் புத்தகத்தில் மட்டும் எழுதப்படும். அரிசி எந்த ரகம் என்று கூடக் கேட்கத் தயங்கிய காலம் அது. கடன் இருக்கும் வீட்டுக்குப் பேரம் பேச வாய் ஏது?

நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இந்தப் பழைய கதையின் தடம் இன்னும் இருக்கிறது. சம்பளத்தை இன்ன இடத்தில்தான் செலவு செய்ய வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். மதுக்கடையிலோ, கேளிக்கை இடத்திலோ, சில்லறைச் சாமான் விற்கும் கடையிலோ வைத்துச் சம்பளம் கொடுக்கவும் கூடாது என்கிறது. அங்கேயே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு. காரணம் எளிது. கையில் காசும் கண்முன் சரக்கும் ஒரே நேரத்தில் இருந்தால் மனிதன் மனம் இளகும். சட்டம் எழுதியவர்களுக்கே அது தெரிந்திருந்தது.

இந்தப் பழைய முறையை மாற்றிய கடை 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்டது. பெயர் பிக்லி விக்லி. தொடங்கியவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். மேசைக்குப் பின்னாலிருந்த சாமான்களை முன்னால் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதி, வாங்குகிறவர்களே கூடையோடு நடந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தார். ஆனால், கடையின் பாதையை எல்லாச் சாமான்களையும் கடந்துதான் வெளியே போக முடியும் என்கிற விதத்தில் வளைத்து வளைத்து அமைத்தார். 1937இல் ஒக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடைக்காரர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். முதலில் யாரும் அதைத் தொடவில்லையாம். ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, வாங்குகிறவர்கள்போல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்னார். அதைப் பார்த்து மற்றவர்களும் தள்ளத் தொடங்கினார்கள். கையில் சுமக்கும் கூடை நிறைந்தால் கை வலிக்கும். வண்டி நிறைந்தாலும் கை வலிக்காது. பிறகு விற்பனை பெருகக் கேட்பானேன்!

இதில் நமக்கு நன்மையும் உண்டு, சங்கடமும் உண்டு. விலையைப் பார்த்து, யார் முகத்தையும் பார்க்காமல் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. அது சின்ன உரிமையன்று. அதே சமயம், “அக்கா, போன வாரம்தானே இதை வாங்கினீங்க?” என்று கேட்கிற கடைக்காரர் இல்லாமற்போனார். அவர் நாக்கைப் பிடுங்கித் தட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தட்டு என்ன பேசுகிறது?

முதலாவதாக, நாம் தேடிவரும் அரிசியும் எண்ணெயும் பெரும்பாலும் கடையின் உள்ளே, பின்பக்கத்தில் இருக்கும். போகும் வழியெல்லாம் தேடாத சாமான்கள் நிற்கும். தேடுகிறவன் எவ்வளவு தூரமானாலும் நடப்பான் என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

இரண்டாவது, கண் உயரம். நாம் நிமிர்ந்து நின்று பார்க்கும் தட்டில் இருப்பதுதான் அதிகம் விற்கும். ஆகவே கடைக்கு லாபம் தரும் சரக்கோ, பெரிய நிறுவனங்களின் சரக்கோ அங்கே இடம் பிடிக்கும். மலிவான சரக்கு பல நேரங்களில் முழங்கால் உயரத்தில் இருக்கும். குனிந்தால் காசு மிச்சம். ஆனால், மிட்டாயும் பொம்மை போட்ட பொட்டலமும் மட்டும் கீழே இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதுவும் கண் உயரம்தான்; நம் கண் உயரமில்லை, ஐந்து வயதுப் பிள்ளையின் கண் உயரம்!

மூன்றாவது, வரிசையின் முனை. அங்கே மலைபோல் குவித்து, சிவப்பு அட்டையில் ‘புரோமோசி’ என்று எழுதியிருப்பார்கள். குவியலைப் பார்த்ததும் மலிவு என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது. அதே சாமான் உள்ளே தன் வரிசையில் என்ன விலை, பக்கத்து மார்க்கு என்ன விலை என்று போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சில நேரம் மலிவாகவே இருக்கும். சில நேரம் அட்டை மட்டும்தான் சிவப்பாக இருக்கும்.

நான்காவது, காசு கட்டும் இடம். வரிசையில் நிற்கும்போது பிள்ளை சும்மா நிற்குமா? சாக்லேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பின்னால் ஆள் நிற்கிறது, பிள்ளை அழுகிறது, நாம் வாங்கிவிடுகிறோம். இங்கிலாந்து நாட்டில் 2022 அக்டோபர் முதல் பெரிய கடைகளில் சீனி, கொழுப்பு, உப்பு மிகுந்த பண்டங்களைக் காசு கட்டும் இடத்திலும் வாசலிலும் வரிசை முனையிலும் வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள். வைக்கும் இடத்துக்கு எவ்வளவு சக்தி இருந்தால் அரசாங்கமே தலையிட்டிருக்கும்!

ஐந்தாவது, 9 வெள்ளி 99 காசு. நம் நாட்டில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிப்படுத்திவிடுகிறார்கள். அந்த ஒரு சாமானை மட்டும் வாங்கி ரொக்கம் கொடுத்தால் நீங்கள் கட்டுவது 10 வெள்ளி. மிச்சமென்று நினைத்த அந்த ஒரு காசு கண்ணில் மட்டும்தான் இருக்கிறது, கைக்கு வருவதில்லை.

இதற்கெல்லாம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் தேவையில்லாத சாமானுக்கு 35 வெள்ளி போகிறதென்று வைத்துக்கொள்வோம். மாதம் நான்கு முறை என்றால் 140 வெள்ளி; வருடத்துக்கு 1,680 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதாவது, வருடத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் முழுவதும் வெயிலிலும் மழையிலும் குலை வெட்டிய உழைப்பு தட்டுப் பேச்சிலேயே கரைந்துவிடுகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அடுக்கி வைப்பதே தீங்காகும் சரக்கு

சில சரக்குகளைக் கண்ணில் படும்படி வைப்பதே கேடு என்று உலகம் தெரிந்துகொண்டிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பால்மாவு பற்றி ஒரு நெறிமுறையை வகுத்தது. அதில், கடைகளில் அதற்கென்று சிறப்பு அடுக்குகள் வைப்பது, கழிவுச் சீட்டு, இலவசப் பொருள், சிறப்பு விலை போன்ற தூண்டுதல்கள் எதுவும் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. கைக்குழந்தைத் தாயின் கவலையைக் காசாக்கக் கூடாது என்பதே அதன் கருத்து.

இன்னொன்று சிகரெட்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் 2005ஆம் ஆண்டே கடைகளில் சிகரெட்டுப் பெட்டிகளைக் காட்டி வைப்பதைத் தடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்தது. கடைகளில் சிகரெட்டை வெளியே தெரியும்படி வைக்கும் தடை 2025 ஏப்ரல் 1 முதல் அமலாகியது. விற்பதைத் தடுக்கவில்லை, காட்டுவதைத் தடுத்தார்கள். கண்ணில் படாதது மனத்தில் படாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிறு கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு

இனி, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டு முகப்பிலேயே மளிகை வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மா, என் மாணவி ஒருத்தியின் தாய், ஒருநாள் பள்ளிக்கு வந்தபோது மனம் வெதும்பிச் சொன்னார்: “சாமான் எல்லாம் இருக்கு சார், வாங்கத்தான் ஆள் இல்ல. எல்லாரும் பெரிய கடைக்குப் போயிடறாங்க.”

“கடையில என்னென்ன இருக்குன்னு வர்றவங்களுக்குத் தெரியுமா அக்கா?” என்று கேட்டேன்.

“கேட்டா எடுத்துக் கொடுப்பேனே சார்” என்றார்.

அங்கேதான் முடிச்சு இருந்தது. சாமான் பாதி அட்டைப் பெட்டிக்குள், விளக்கு மங்கல், விலை அவர் மனத்தில். பழைய தோட்டத்துக் கடையின் பழக்கம், கடன் புத்தகம் உட்பட, அப்படியே தொடர்ந்திருந்தது. அடுத்த பள்ளி விடுமுறையில் அவரும் மகளும் சேர்ந்து கடையை மாற்றி அடுக்கினார்கள். செலவென்று பார்த்தால் ஒரு விளக்கும், அட்டையும், பேனாவும்தான். அவர்கள் செய்ததையும், நல்ல கடைகளில் நான் கவனித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு சாமானுக்கும் விலை எழுதுங்கள். சில்லறைக் கடைக்காரர் விலை காட்ட வேண்டும் என்பது சட்டம். அதைவிடப் பெரியது மரியாதை. விலை கேட்கக் கூச்சப்படுகிற ஏழை, விலை எழுதாத கடைக்கு வரமாட்டார். பெரிய கடைக்கே போவார்.

சேர்த்துப் பயன்படுத்துவதைச் சேர்த்து வையுங்கள். கற்பூரம், ஊதுவத்தி, விளக்குத் திரி, நல்லெண்ணெய் ஒரே தட்டில் இருக்கட்டும். பருப்புப் பக்கத்தில் புளியும் மிளகாயும் சாம்பார்ப் பொடியும் இருக்கட்டும். வாங்க வந்தவர் மறந்ததை நினைவூட்டுவது உபகாரம். தேவையில்லாததைத் திணிப்பது வேறு.

சாமானை முன்னுக்கு இழுத்து, முகப்பு தெரியும்படி வையுங்கள். பாதி காலியான தட்டு, மிச்சம் மீதி விற்கும் கடைபோல் தோன்றும். முதலில் வந்த சரக்கு முன்னால், பிறகு வந்தது பின்னால். தேதி கடந்ததை எடுத்துவிடுங்கள். ஒரு கெட்ட பொட்டலம் பத்துப் பேரைத் துரத்தும்.

ஒரே பொருளில் எண்ணற்ற மார்க்கு வைத்து முதலை முடக்காதீர்கள். அமெரிக்காவில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று பேசப்பட்டது. ஒரு கடையில் 24 வகை ஜாமை வைத்தபோது நின்று பார்த்தவர்கள் அதிகம். அவர்களில் வாங்கியவர் 100க்கு 3 பேர். 6 வகை மட்டும் வைத்தபோது நின்றவர்களில் 100க்கு 30 பேர் வாங்கினார்கள். பிறகு செய்த ஆய்வுகளில் எல்லா இடத்திலும் இதே முடிவு வரவில்லை. ஆனாலும் சின்னக் கடைக்கு இதில் ஆறுதல் உண்டு: தட்டு நீளமாக இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை.

காலத்தை அறிந்து வையுங்கள். தைப்பூசத்துக்கு முன் பூசைப் பொருள், பொங்கலுக்கு முன் பச்சரிசியும் வெல்லமும், பள்ளி திறக்கும் முன் பென்சிலும் நோட்டும், தீபாவளிக்கு முன் மாவு வகையும் வாசலுக்கு வரட்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் இடம் மாற்றி, இரண்டு வாரம் எத்தனை விற்றது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த அம்மாவின் கடையில் திரியும் கற்பூரமும் எண்ணெய்ப் பக்கம் வந்த பிறகு நன்றாக விற்றன. பிஸ்கட்டை எங்கே வைத்தும் அசையவில்லை. நோட்டு சொன்னதால் அவர் பிஸ்கட் வகையைக் குறைத்தார். பெரிய கடையை அவர் வென்றுவிடவில்லை. கடையை மூடிவிடலாமா என்ற பேச்சு மட்டும் வீட்டில் நின்றது.

மிட்டாயைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை நம் பிள்ளை. பெரிய கடைக்கு முகம் தெரியாது, நமக்குத் தெரியும். சென்னையில் 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கத்தின் கடைகள், வாங்குகிறவர்களே கடைக்குப் பங்காளிகள் என்ற அடிப்படையில் நடந்தன. பங்காளியை ஏமாற்றி லாபம் பார்க்க முடியாது அல்லவா? தோட்டத்திலும் தாமானிலும் கடை வைப்பவருக்கு அந்த எண்ணமே முதல் மூலதனம்.

வாங்குகிற தாய்மார்களுக்கு

வீட்டிலேயே பட்டியல் எழுதுங்கள், பசியோடு போகாதீர்கள், சாமான் கொஞ்சமென்றால் வண்டியை விட்டுக் கூடையை எடுங்கள், மேலே பார்த்த கண் கீழ்த் தட்டையும் பார்க்கட்டும். தீபாவளி போன்ற பண்டிகைக் காலங்களில் அரசாங்கம் சில பொருள்களுக்கு உச்ச விலை நிர்ணயிக்கிறது. அந்தப் பொருள்களுக்கு இளஞ்சிவப்பு நிற விலை அட்டை வைக்கப்பட வேண்டும். அந்த நிறத்தைத் தேடிப் பாருங்கள். தட்டில் ஒரு விலை, காசு கட்டும் இடத்தில் வேறு விலை என்றால் தயங்காமல் கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம். 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமை தாங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் நமக்குத் தூரத்தில் இல்லை.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. ஒரு பானமாவு 400 கிராம் 8 வெள்ளி. அதே மாவு பெரிய பொட்டலம் 1 கிலோ 21 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எது மலிவு? ‘பெரியது’ என்று வகுப்பில் பலர் கை தூக்குவார்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சின்னது 2 வெள்ளி, பெரியது 2 வெள்ளி 10 காசு. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவில்லை.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிள்ளையின் கையில் பென்சிலும் துண்டுத்தாளும் கொடுத்து, மூன்று சாமானுக்கு 100 கிராம் விலை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மிட்டாய் கேட்டு அழும் பிள்ளைக்கு வேலையும் ஆயிற்று, வகுத்தல் வாய்ப்பாடும் ஆயிற்று. உங்கள் பிள்ளை கண்டுபிடித்ததை நமக்கு எழுதி அனுப்புங்கள். நல்ல கணக்குகளை அடுத்த இதழில் பார்ப்போம்.